பெஸ்தாரி ஜெயாவிலிருந்து சின் சுவீ மலைக்கோயிலுக்கு: காரில் ஒரே நாளில் போய்வர முழுமையான வழிகாட்டி

நம் பெரியவர்கள் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்கிற பெஸ்தாரி ஜெயாவிலும் சுற்றியிருக்கும் தோட்டங்களிலும், மலைக்குப் போகலாம் என்று பேச்செடுத்தால் முதலில் வருவது கேமரன் மலைதான். அது தூரம். ஒரே நாளில் போய்வந்தால் காரில் உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம். கெந்திங் பக்கம்தான், ஆனால் அங்கே சூதாட்டக்கூடம்தானே இருக்கிறது, நமக்கு எதற்கு என்று பாட்டிமார் கிளம்பவே மாட்டார்கள். உச்சிக்குப் போகவே வேண்டாம். அதற்குக் கீழே, கடல் மட்டத்திலிருந்து 4,600 அடி உயரத்தில், பாறைச் சரிவை ஒட்டி சின் சுவீ என்ற சீனக் கோயில் நிற்கிறது. வீட்டிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர், நிதானமாக ஓட்டினால் இரண்டு மணி நேரம் அல்லது கொஞ்சம் கூட. நுழைவுக் கட்டணம் கிடையாது. தாத்தா பாட்டி முதல் சின்னப்பிள்ளை வரை எல்லோரையும் கூட்டிப்போகலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணத்தில் மலை ஏறுவதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் நிறைய, இறங்குவதைப் பற்றி யோசிக்கிறவர்கள் குறைவு. ஆபத்து இருப்பது இறக்கத்தில். 2013 ஆகஸ்ட் 21ஆம் தேதி இந்த மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்துபோனார்கள், அது நடந்தது இந்தக் கோயிலுக்குப் பக்கத்தில்தான். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கார் நல்ல நிலையில் இருந்து, இறங்குகிற முறை தெரிந்துவிட்டால் இது நிம்மதியான பயணம். அதனால்தான் இந்த வழிகாட்டியில் கோயிலுக்குக் கொடுத்திருக்கிற அளவு இடத்தைப் பிரேக்குக்கும் கொடுத்திருக்கிறேன்.

எந்த நாளில் போவது

வார நாளில் மலை காலியாக இருக்கும், ஆனால் போகிற வழியில் கோலாலம்பூரைச் சுற்றிப்போகிற எம்ஆர்ஆர்2 சாலையில் செலாயாங், பத்துமலைப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களின் நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள். ஓய்வுபெற்றவர்களும், ஷிப்ட் வேலையில் நடுவாரத்தில் லீவு கிடைக்கிறவர்களும் விடியற்காலை ஐந்தரைக்கே கிளம்பினால் அதைத் தாண்டிவிடலாம். பள்ளிப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குச் சனிக்கிழமை நல்லது, ஆறு மணிக்கெல்லாம் வண்டி கிளம்பியிருக்க வேண்டும்.

ஞாயிறு போவதென்றால் மாலை காத்திருக்காதீர்கள். கிழக்குக்கரையிலிருந்து கோலாலம்பூருக்குத் திரும்புகிற கார் எல்லாம் பிற்பகலில் காராக் நெடுஞ்சாலையில் சேர்ந்துவிடும், கோம்பாக் டோல் வரைக்கும் ஊர்ந்துகொண்டுதான் வரவேண்டும். சீனப் புத்தாண்டு வாரத்தில் கோயிலில் கால் வைக்க இடம் இருக்காது. தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் பத்துமலை வழியே போவதை நினைக்கவே வேண்டாம். பள்ளி விடுமுறையும் நீண்ட வார இறுதியும் அப்படித்தான்.

காலையிலேயே போகச் சொல்வதற்கு இன்னொரு காரணம் பனிமூட்டம். காலை எட்டு ஒன்பது மணிக்கு வானம் தெளிவாக இருந்தால் கீழே மலைத்தொடர் முழுவதும் தெரியும். மதியத்துக்குமேல் மேகம் ஏறி வந்துவிட்டால் எதிரே நிற்கிற ஒன்பது அடுக்குக் கோபுரமே பாதி மறைந்துவிடும். அதுவும் பார்க்க அழகுதான், ஆனால் அந்த மூட்டத்திலும் பிற்பகல் மழையிலும் மலை இறங்குவது அழகில்லை.

இரண்டு நாள் முன்பே காரைப் பார்த்துவிடுங்கள்

நம் தோட்டப்பகுதியில் கார் ஓடுவது பெரும்பாலும் சமதரையில். தோட்டத்திலிருந்து டவுனுக்கு, டவுனிலிருந்து ரவாங்குக்கு, அவ்வளவுதான். அந்த ஓட்டத்தில் தேய்ந்த பிரேக் கூட நன்றாக இருப்பதுபோலவே காட்டும். மலை அப்படி விடாது.

பட்டறைக்குப் போய் பிரேக் பேட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதோடு பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்றும் கேளுங்கள். பலரும் இதை மறந்தே போகிறார்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் சேரச் சேர அது கொதிக்கிற வெப்பநிலை குறைந்துகொண்டே வரும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடு ஏறி அந்த ஆயில் கொதித்து உள்ளே ஆவிக்குமிழ் உண்டாகும். அப்புறம் மிதித்தால் பெடல் மெத்தென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்குமேல் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள், பெரிய செலவு இல்லை.

ஏற்றத்துக்குப் பார்க்க வேண்டியது கூலண்ட். எஞ்சின் ஆறியிருக்கும்போது, காலையில், தொட்டியில் அளவு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சாகா, கான்சில், வீரா கார் வைத்திருக்கிறவர்கள் ரேடியேட்டர் குழாயில் கசிவு இருக்கிறதா என்று ஒருமுறை கையால் தடவிப் பார்த்துவிடுவது நல்லது. டயர் காற்று, வைப்பர், முன்விளக்கு, பனிவிளக்கு இதெல்லாம் ஐந்து நிமிட வேலை.

டோல் கட்டுகிற டச் அண்ட் கோ அட்டையில் பணம் போட்டு வையுங்கள். லாத்தார் நெடுஞ்சாலையிலும் கோம்பாக்கிலும் டோல் உண்டு. பெட்ரோலை ஊரிலேயே நிரப்பிவிடுங்கள். போகவர 200 கிலோமீட்டர், சிறிய காருக்கு 20 லிட்டருக்குள் முடிந்துவிடும்.

ஆளை ஏற்றுவதிலும் கவனம் தேவை. ஐந்து பேர் காரில் ஏழு பேர் என்பது டவுன் வரை பழகிப்போன விஷயம், அது தெரியும். மலைக்கு வேண்டாம். ஏற்றத்தில் எஞ்சின் திணறும், இறக்கத்தில் அந்தக் கூடுதல் எடை முழுவதையும் பிரேக்தான் தாங்கவேண்டும். ஆள் கூடினால் இரண்டு காராகப் போங்கள்.

என்ன எடுத்துக்கொள்வது

ஆளுக்கு ஒரு சுவெட்டர், பெரியவர்களுக்குக் காதை மூட ஒரு துண்டு. காற்றும் பனியும் சேர்ந்தால் நம்மைப்போல் வெயிலில் பழகிய உடம்பு நடுங்கிவிடும். குடையைவிட மழைச்சட்டை மேல், மேலே காற்றில் குடை நிற்காது. வழுக்காத செருப்பு அல்லது சப்பாத்து.

வளைவில் தலைசுற்றுகிறவர்களை முன்சீட்டில் உட்கார வையுங்கள், கைப்பேசியைப் பார்க்க விடாதீர்கள், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். கோடாலித் தைலம் ஒரு பாட்டில் கட்டாயம். கிளம்பும்போது சம்பல் ஊற்றிய நாசி லெமாக்கை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மலை ஏறினால் பாதி வழியில் காரை நிறுத்தவேண்டி வரும். லேசாக இரண்டு இட்லியோ ரொட்டியோ சாப்பிட்டுவிட்டு மீதிப் பசியாறலை மேலே போய் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறவர்கள் புளிச்சோறு, தயிர்சோறு என்று சைவமாகவே கட்டிக்கொண்டால் நல்லது. கோயில் வளாகத்துக்குள் இறைச்சியைப் பிரித்து உட்காருவது மரியாதை இல்லை.

வழி

பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஈஜோக் வந்து லாத்தார் நெடுஞ்சாலையில் ஏறுங்கள். 2011இல் திறந்த சாலை, 33 கிலோமீட்டர். டெம்ப்ளர் பூங்காவுக்கு அருகில் போய் முடியும். செம்பனைக்கு நடுவே விடியற்காலையில் போகும்போது வண்டியே இருக்காது, அதற்காக வேகத்தைக் கூட்டவேண்டாம். அங்கிருந்து பழைய கூட்டரசுச் சாலையில் செலாயாங் பக்கம் இறங்கி, எம்ஆர்ஆர்2 பிடித்து, பத்துமலையைத் தாண்டி, காராக் என்று எழுதியிருக்கிற பலகையைப் பார்த்துக்கொண்டே கோம்பாக் டோலுக்கு வந்துவிடலாம். முருகனைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். பத்துமலையில் இறங்குவதைத் திரும்பும்போது வைத்துக்கொண்டால் காலை வெளிச்சம் மலைக்குக் கிடைக்கும்.

டோல் தாண்டியதும் சாலை மெல்ல ஏறத் தொடங்கும். லாரிகள் இடதுபக்கம் திணறிக்கொண்டு போகும், வலதுபக்கம் சிலர் பறந்து வருவார்கள், நீங்கள் நடுவில் உங்கள் வேகத்தில் போங்கள். கெந்திங் செம்பா வெளியேறும் பாதையில் பிரிந்தால் அங்கிருந்து மலைச்சாலை.

பத்தாங் காலி, உலு யாம் வழியாகவும் கோயிலுக்குக் கீழே இருக்கிற கோத்தோங் ஜெயா டவுனுக்கு ஒரு சாலை ஏறுகிறது. வரைபடத்தில் பார்த்தால் நமக்கு அதுதான் கிட்ட என்று தோன்றும், டோலும் மிச்சம். முதல்முறை போகிறவர்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். குறுகலான, செங்குத்தான, வளைவு நிறைந்த சாலை அது. 2022 டிசம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் அந்தச் சாலையோரத்துக் கூடாரத் தளத்தில் மலைச்சரிவு விழுந்து 31 பேர் இறந்தார்கள். அந்த வழியாகத்தான் போகவேண்டும் என்றால் சாலை திறந்திருக்கிறதா என்று முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள், மழைக்காலத்தில் தவிர்த்துவிடுங்கள்.

ஏற்றம்

கெந்திங் செம்பாவிலிருந்து கோயில் வரைக்கும் 20 கிலோமீட்டர்கூட வராது. ஆட்டோ கியர் கார் டி-யிலேயே ஏறிவிடும். கியர் மாறி மாறி எஞ்சின் உறுமினால் ஒரு கியர் கீழே போட்டு அதிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கையால் கியர் போடுகிறவர்கள் எஞ்சின் திணறும்வரை காத்திருக்காமல் வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிடவேண்டும்.

சூடுமுள் ஏறினால் முதலில் ஏர்கோனை அணைத்துவிடுங்கள், ஜன்னலைத் திறந்தாலே மலைக்காற்று போதும். அதற்குமேலும் ஏறினால் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடித்துவிடும்.

வழியில் கோத்தோங் ஜெயா வரும். சின்ன டவுன், சாப்பாட்டுக்கடைகள் உண்டு. பிள்ளைகளுக்குக் கழிவறை, பெரியவர்களுக்கு ஒரு தேத்தண்ணி என்று பத்து நிமிடம் நின்று போகலாம், எஞ்சினுக்கும் அது ஓய்வு. அங்கிருந்து மேலே ஏறும்போது சின் சுவீ கோயில் என்ற பலகையைப் பார்த்துப் பிரியவேண்டும். பேச்சில் கவனம் போய் அதைத் தவறவிட்டால் உச்சிவரை இழுத்துக்கொண்டு போய்விடும்.

மலைச்சாலையில் ஓட்ட மனம் வராதவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. கீழே பிரிமியம் அவுட்லெட்ஸ் கடைத்தொகுதிப் பக்கம் காரை விட்டுவிட்டு, அவானா நிலையத்தில் கம்பிவட ஊர்தி ஏறினால் அது வழியில் சின் சுவீ நிலையத்தில் நிற்கும். அங்கே இறங்கிக் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஏறிக்கொள்ளலாம். குடும்பமாகப் போனால் டிக்கெட் செலவு கூடும், ஆனால் கார் பழையது என்றால் யோசிக்காமல் இதைச் செய்யுங்கள்.

கோயிலில்

இது சின் சுவீ என்ற புத்தத் துறவிக்காக எழுப்பிய கோயில். சோங் அரச காலத்தில் சீனாவின் ஃபூஜியான் பகுதியில் வாழ்ந்தவர். வறட்சியில் மக்களுக்காக மழை வேண்டித் தவமிருந்தவர் என்று அவரை இன்றும் கும்பிடுகிறார்கள். கெந்திங்கை உருவாக்கிய லிம் கோ தோங்கும் அதே ஃபூஜியானில் அன்சி என்ற ஊர்க்காரர், 1937இல் மலாயா வந்து குத்தகைத் தொழிலில் வளர்ந்தவர். 1965இல் காட்டை வெட்டி இந்த மலைக்குச் சாலை போடத் தொடங்கினார். 1970களில் கோயில் வேலையை ஆரம்பித்து, பாறையும் சரிவுமாக இருந்த இந்த இடத்தில் அது முடிய 18 ஆண்டுகள் ஆயின, 1994இல் திறப்பு விழா நடந்தது. எவ்வளவு பணம் சேர்ந்தாலும் பிறந்த ஊர்ச் சாமியைக் கொண்டுவந்து மலையில் வைக்கவேண்டும் என்று நினைத்த மனசு நமக்குப் புதிதில்லை. நம் தாத்தாக்களும் லயத்துக்குப் பக்கத்தில் முதலில் கட்டியது மாரியம்மன் கோயிலையும் முனியாண்டி கோயிலையும்தானே.

காரை நிறுத்தியதும் முதலில் மேல்தளத் திறந்தவெளிக்குப் போங்கள், மேகம் வருவதற்குள் காட்சியைப் பார்த்துவிட வேண்டும். பிறகு துறவியின் சன்னிதி. பெரிய ஊதுபத்திச் சட்டிக்கு முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள்: பத்தியைப் பற்றவைத்து, வாயால் ஊதாமல் கையை அசைத்துத் தீயை அணைத்து, இரண்டு கையாலும் நெற்றிவரை உயர்த்தி மூன்றுமுறை குனிந்து, சாம்பலில் நேராகக் குத்தி வைப்பார்கள். நாமும் அப்படியே செய்யலாம், இல்லாவிட்டால் நம் வழக்கப்படி கைகூப்பினாலும் போதும், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வேண்டிக்கொண்டு நிற்கிறவர்களின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள்.

ஒன்பது அடுக்குக் கோபுரம், உட்கார்ந்த நிலையில் 15 மீட்டர் உயரப் புத்தர் சிலை, இரண்டுமே நடந்து பார்க்கவேண்டியவை. அதற்கும்மேல் பிள்ளைகள் மறக்காதது நரகத்தின் பத்து மண்டபங்கள். செய்த பாவத்துக்கு ஏற்ப வெட்டுவதும் பொரிப்பதுமாக ஆளுயரச் சிலைகள் மலையோரப் பாதையில் வரிசையாக நிற்கும். கருட புராணக் கதை கேட்டு வளர்ந்த பாட்டிமாருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அந்தப் பத்து நரக அரசர்களில் ஐந்தாமவர் நம் எமதர்மன்தான், புத்த மதத்தோடு இந்தியாவிலிருந்து சீனா போனவர். பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டியே வழிகாட்டியாகிவிடுவார், அதைக் கேட்டுக்கொண்டு பின்னால் நடப்பது எனக்குப் பிடித்த பகுதி. ஆனால் ஆறேழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் ராத்திரி பயந்து எழுவார்கள், அவர்களை வேறு பக்கம் கூட்டிப்போங்கள்.

படிகள் நிறைய. ஐம்பது வருடம் பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை தூக்கியும் தேய்ந்த முழங்கால்களை எல்லா இடத்துக்கும் ஏற்றவேண்டாம். சன்னிதியும் திறந்தவெளியும் போதும், அங்கே உட்கார வைத்து, ஒருவர் துணையிருந்து, மற்றவர்கள் போய்வரலாம். மொத்தமாக இரண்டரை மணி நேரம் சரியாக இருக்கும். வளாகத்தில் சைவ உணவகமும் இருக்கிறது.

இறக்கம்

மதியம் பன்னிரண்டரை, ஒரு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே ஓட்டவேண்டாம், ஓட்டுநருக்குத் தூக்கம் வந்தால் இன்னொரு காப்பி, இன்னொரு அரைமணி, அவசரம் எதுவும் இல்லை.

கிளம்புமுன் நின்ற இடத்திலேயே பிரேக்கை மிதித்துப் பாருங்கள், பெடல் கெட்டியாக இருக்கவேண்டும். பிறகு இறக்கம் தொடங்குமுன்பே சிறிய கியரைப் போட்டுவிடவேண்டும், வேகம் கூடினபிறகு அல்ல. கையால் போடுகிற கியரில் இரண்டு. ஆட்டோவில் எழுத்து காருக்குக் கார் மாறும்: சிலவற்றில் 2, எல் என்று இருக்கும், புதிய கார்களில் எஸ் அல்லது பி. உங்கள் காரின் கையேட்டில் எது எஞ்சின் பிரேக் என்று வீட்டிலேயே பார்த்து, சமதரையில் ஒருமுறை போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். எஞ்சின் சத்தம் கூடும், வீட்டில் உள்ளவர்கள் "என்னப்பா கார் கத்துது" என்று கேட்பார்கள். கத்தட்டும். வண்டியைப் பிடித்து வைத்திருப்பது எஞ்சின்தான் என்பதற்கு அந்தச் சத்தம் அடையாளம். வழிநெடுக கியரைக் குறைக்கச் சொல்லி மலாயில் பலகை வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே வராதீர்கள். வேகம் கூடும்போது நன்றாக மிதித்துக் குறைத்துவிட்டு, காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். கால் எடுக்கிற அந்த இடைவெளியில்தான் பிரேக் ஆறும். பின்னால் வருகிறவர் ஒட்டிக்கொண்டு வந்தால் இடதுபக்கம் ஒதுங்கி அவரைப் போகவிடுங்கள்.

பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருகிற பழக்கம் நம் பக்கத்தில் சிலருக்கு உண்டு. தயவுசெய்து அதை இந்த மலையில் செய்யாதீர்கள். எஞ்சினின் பிடி முழுவதும் போய்விடும், மொத்த எடையும் பிரேக்கின் தலையில் விழும். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் மோசம், பிரேக்குக்கு உதவும் அழுத்தமும் ஸ்டியரிங்கும் சேர்ந்தே போய்விடும்.

தீய்ந்த வாடை அடித்தாலோ பெடல் மெத்தென்று போனாலோ கோத்தோங் ஜெயாவிலோ அகலமான ஓரத்திலோ நிறுத்திவிடுங்கள். அரைமணி நேரமாவது ஆறட்டும். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டில் இருக்கிற தட்டு வளைந்துவிடும். ஓடும்போதே பிரேக் பிடிக்காமல் போனால் பெடலைத் திரும்பத் திரும்ப வேகமாக மிதித்துப் பாருங்கள், ஒவ்வொரு கியராகக் கீழே இறக்குங்கள், கைப்பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல் மெல்ல மெல்ல இழுங்கள், அபாய விளக்கைப் போட்டு ஹார்ன் அடித்துக்கொண்டே மலைப்பக்கமாக ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் போகவேண்டாம்.

கெந்திங் செம்பா தாண்டி காராக் நெடுஞ்சாலைக்கு வந்தபிறகும் கோம்பாக் வரைக்கும் இறக்கம்தான், டி போட்டு விட்டுவிடவேண்டாம்.

நேரம் இருந்தால் பத்துமலையில் இறங்கலாம். காலையிலேயே நிறையப் படி ஏறியவர்கள் அடிவாரத்தில் கும்பிட்டுவிட்டு அங்கிருக்கிற சைவக்கடையில் ஒரு தோசை, ஒரு தேத்தண்ணியோடு முடித்துக்கொள்ளுங்கள். மாலை நாலரைக்குள் எம்ஆர்ஆர்2 சாலையை விட்டு வெளியேறினால் நெரிசல் தொடங்குமுன் லாத்தாரில் இருப்பீர்கள், ஆறு மணிக்கெல்லாம் வீடு.

வழியில் தீய்ந்த வாடை வந்திருந்தால் மறுநாள் காரைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பேடையும் பிரேக் ஆயிலையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆறியபின் பெடல் சரியாகிவிட்டது என்று அப்படியே விட்டுவிடக்கூடாது, ஒருமுறை கொதித்த ஆயிலை மாற்றித்தான் ஆகவேண்டும்.